கேலனுக்கு முப்பது மைல்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணாவும் நயாபைசாவும் ஒரே சுருக்குப்பையில் கிடந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் பெரியவர்கள் மைலில் நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிலோமீட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். காய்ச்சல் பாரன்ஹீட்டில் அடித்தது, வானொலியில் வெயில் செல்சியஸில் கொளுத்தியது. இரண்டுக்கும் நடுவில் நின்று இதை அதாக மாற்றிச் சொல்ல வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அது நான். அதில் எனக்கு இருந்த கர்வம் ஒரு மனிதரை என்ன பாடு படுத்தியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூட.

எனக்குப் பதினொரு வயது. அப்பா மத்திய அரசில் தணிக்கை அதிகாரி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, மாற்றலுக்கு மேல் மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவர். லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீடு. அலுவலகம் அலிப்பூரில். வந்த இரண்டாம் வருடம் அப்பா ஒரு கார் வாங்கினார். சணல் மில்லில் இருந்த ஓர் ஆங்கிலேயர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார். பாட்டில் பச்சை நிறம். உள்ளே உட்கார்ந்தால் பழைய தோலின் வாடையும் அந்த ஆங்கிலேயரின் சுருட்டு வாடையும் அடிக்கும். மைல் மீட்டரில் எண்கள் மெல்லப் புரண்டு ஏறும். கடைசி எண் பாதி ஏறிப் பாதி இறங்கி நிற்கும்போது அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தவிப்பாக இருக்கும்.

காரோடு இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, பழுப்பு அட்டை போட்ட கையேடு. அதில் 'கேலனுக்கு முப்பது மைல்' என்ற வரியின் கீழ் ஆங்கிலேயர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். இன்னொன்று, டிரைவர். பொருள் என்று எழுதுகிறேன், கவனியுங்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

அவரை நான் காகு என்று கூப்பிட்டேன். வங்காளியில் சித்தப்பா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, ஜாதவ்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் குடியிருந்தார். ஆறு வருடம் அந்த ஒரே காரை ஓட்டியவர். கதவை அடித்துச் சாத்தமாட்டார். உள்ளங்கையை வைத்து அழுத்துவார். என்னைச் செல்லமாகத் திதிமணி, அக்காக்குட்டி, என்பார். அம்மாவை மா என்பார். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் பின்சீட்டில் உட்கார்ந்து காகுவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வருவார்.

தணிக்கைக்காரருக்குக் குறைகிற எண்தான் கண்ணில் படும். பெட்ரோல் அடிக்கடி போட வேண்டியிருக்கிறது என்று அப்பாவுக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, நீ காகு பக்கத்துல முன்சீட்டுல உக்காரு. பங்க்ல டேங்க் நெறைய போடச் சொல்லு. மீட்டர எழுது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் நெறைய போட்டா எத்தன லிட்டர் புடிக்குன்னு எழுது. அவன்ட்ட எதுக்குன்னு சொல்லாத."

நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். நீல அட்டை. முதல் வாரக் கணக்கு இன்றும் நினைவிருக்கிறது. 132 மைல். 20 லிட்டர்.

மீட்டர் மைலில், பங்க் லிட்டரில், கையேடு கேலனில். கேலன் என்றால் அப்பாவுக்கு ஏதோ ஒரு வாளி. என்னிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. கல்லூரித் தெரு நடைபாதையில் அப்பாவே வாங்கித் தந்தது, அமெரிக்காவில் அச்சடித்தது. வழுவழு தாள், தடி அட்டை, என் வகுப்பில் யாரிடமும் இல்லாதது. அதன் கடைசிப் பக்கத்தில் அளவு அட்டவணை. ஒரு கேலன், 3.785 லிட்டர்.

இருபதை அதால் வகுத்தேன். ஐந்தேகால் கேலனுக்குக் கொஞ்சம் மேல். நூற்று முப்பத்திரண்டை அதால் வகுத்தேன்.

"எவ்வளவு வருது?"

"இருவத்தஞ்சுப்பா."

"முப்பது வரணும்லா?"

"வாரத்துக்கு மூணு லிட்டருக்கு மேல குறையுது" என்றேன். அப்பா கேட்காததையும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். அப்படி வைக்கிறவர் இல்லை அவர். அந்தக் கையின் கனத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

நான்கு வாரம் எழுதினேன். நான்கு வாரமும் இருபத்தைந்து. அல்லது அதற்கு அரை மைல் இப்படி அப்படி. அம்மா தோசைக்கல்லைத் துடைத்தபடி சொன்னாள், "வண்டி பழசுல்லா. கூடத்தான் குடிக்கும்."

"பழசுன்னா ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும்" என்றார் அப்பா. "இது எப்பவும் ஒண்ணுபோல நிக்கி. அளந்து எடுக்கான். கெட்டிக்காரன்."

பெட்ரோல் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவியை அப்பா அரைஞாணில் கட்டாத குறை. கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினார். பங்கில் நான்தான் சாவியை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்வேன். முதல் தடவை அதைப் பார்த்தபோது பங்க் ஆள் சிரித்தான். காகு தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அந்த வாரமும் இருபத்தைந்து.

"கள்ளச்சாவி போட்டுட்டான்" என்றார் அப்பா.

பூட்டியும் குறையாத திருட்டு என்றால் திருட்டே இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பூட்டு அவரை விடுவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அவரை இன்னும் பெரிய திருடராக்கியது.

அந்த ஆடி மாதம் மழை விடவேயில்லை. ஒரு காலை பள்ளிக்கூடத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். காரை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, காகு கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் என் ஷூவையும் புத்தகப் பையையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கறுப்புத் தண்ணீரில் நடந்தார். சாக்கடை மூடி திறந்திருக்குமோ என்று ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி வைத்தார். பள்ளிக்கூடப் படியில் என்னை இறக்கி, ஷூவின் கயிற்றைக் கட்டிவிட்டார். என் பாவாடையில் ஒரு சொட்டு படவில்லை.

அன்று சாயங்காலம் நான் அப்பாவிடம் சொன்னேன். "காகு சட்டையில பெட்ரோல் வாடை அடிக்குப்பா."

அப்பா கீழே போய்க் காரின் பின்பெட்டியைத் திறந்தார். ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் பெட்ரோல் வழியை ஊதிச் சுத்தம் செய்ய எல்லா டிரைவர்களும் வைத்திருப்பது அது. அவர் அதை ஊதுவதை நானே நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். வாயில் ஏறியதைத் துப்பிவிட்டு, முகத்தைச் சுளித்து என்னைச் சிரிக்கவைப்பார். அப்பா குழாயை மேலே கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நான் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணக்கு முடிந்து விடை வந்துவிட்டால் மறுபடி யாரும் அழித்துப் போடுவதில்லை அல்லவா.

அதோடு நிறுத்தினேனா? தெருப் பிள்ளைகளிடம் சொன்னேன். 'தேல் சோர்' என்று பெயர் வைத்ததும் நான்தான். எண்ணெய்த் திருடன். அவர் காலையில் கார் கழுவும்போது மதில் மறைவிலிருந்து பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடும். வாளியை வைத்துவிட்டு ஒருநாள் என்னைக் கேட்டார், "யாரைச் சொல்கிறார்கள் திதிமணி?"

"தெரியாது" என்றேன்.

ஒரு ஞாயிறு காலை அப்பா கீழே இறங்கினார், என்னையும் நோட்டோடு கூட்டிக்கொண்டு. காகு கார் கழுவி முடித்திருந்தார். பக்கத்து வீட்டு டிரைவர், வயதான பீகார்க்காரர், தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்கட்டும் என்று அப்பா அவரையும் கூப்பிட்டார். பிறகு என்னிடம் "வாசி" என்றார்.

நான் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், ஒவ்வொரு வாரமாக, மைல், லிட்டர், கேலன். முடிவில் வங்காளியில், "வாரம் மூன்றேகால் லிட்டர் காணவில்லை" என்றேன்.

காகுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் அவர் கத்தவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டார்.

"திதிமணி, ஒரு கேலனுக்கு எத்தனை லிட்டர் போட்டாய்?"

"மூன்று புள்ளி ஏழு எட்டு ஐந்து."

"இல்லையே. நாலரை லிட்டர் அல்லவா கேலன்? பங்கில் லிட்டர் வந்தபோது எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். நாலரை."

பீகார்க்காரர் தலையாட்டினார். "ஆமாம் சாயேப். நாலரைதான்."

அப்பா என் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மாடிக்கு ஓடி எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அப்பா அதைக் காகுவின் முகத்துக்கு நேரே பிடித்து, "படி" என்றார். காகுவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கு அது தெரியும்.

"அச்சில் இருப்பது பொய், நீ சொல்வது நிஜமா?" என்று இந்தியில் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "பாத்தியா, களவாங்கதுக்குத் தோதா கேலனையே பெரிசாக்கிட்டான். அடுத்தவனும் ஆமாஞ்சாமி போடுதான். எல்லாம் கூட்டுக் களவாணிக" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவோடு சேர்ந்து ஒரு விஷயத்துக்குச் சிரிப்பது எனக்குப் புதிது.

அன்றோடு வேலை போயிற்று. காகு கடைசியாக ஒன்று கேட்டார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மெழுகுத்துணி மடிப்பு இருக்கும். அதில் ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ். அடுத்த வேலைக்குப் போகிறபோது காட்ட, அதன் கீழே அப்பாவும் இரண்டு வரி எழுதித் தர வேண்டும். அப்பா உடனே பேனாவை எடுத்தார். அழகான கையெழுத்து அவருக்கு. 'பெட்ரோல் திருடியதால் விலக்கப்பட்டார். யாரும் நம்ப வேண்டாம்.' தேதி போட்டு, பதவியும் எழுதினார்.

காகு அதை வாங்கி, மை காய்கிறவரை விரித்துப் பிடித்திருந்தார். பிறகு மெழுகுத்துணியில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பி, "நன்றி சாயேப்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது டிரைவர் வந்தான். மூன்று வாரம் எழுதினேன். இருபத்தைந்து. "இவனும் அதே அளவுக்கா திருடுதான்?" என்று கேட்டாள் அம்மா. அப்பா அவனையும் அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம் வகுப்பில் அளவுகள் பாடம். ஆங்கிலோ இந்திய டீச்சர் கேலனுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார். கையைத் தூக்கியவள் நான் ஒருத்திதான். சொன்னேன்.

"அது அமெரிக்க கேலன்" என்றார் டீச்சர். "அவர்களுடையது சின்னது. நாம் பழகியது ஆங்கில கேலன். நாலு புள்ளி ஐந்து நாலு ஆறு."

கரும்பலகையில் எழுதிவிட்டு அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். நான் நோட்டின் ஓரத்தில் இருபதை அந்த எண்ணால் வகுத்தேன். நாலு புள்ளி நாலு. நூற்று முப்பத்திரண்டை அதால் வகுத்தேன். முப்பது. ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். இதை மட்டும் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். "என் தப்பு இல்லப்பா, புஸ்தகத்துல அப்படி இருந்துது" என்றுதான் ஆரம்பித்தேன்.

அவர் நோட்டை வாங்கி மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பென்சில் முனை ஒடிந்தது. வேறு பென்சில் கேட்டார். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாலரைன்னு அவன் அன்னைக்கே சொன்னாம்லா" என்றாள்.

"சொன்னான். அதுக்கு இப்ப என்ன?"

"போய்க் கூட்டிட்டு வாங்க. தப்பு நம்ம பேர்லன்னு சொல்லுங்க."

"ஒரு டிரைவர்ட்ட போய் நான் தப்புன்னு சொல்லணுமா? நாளைக்கு அவன் என்னை மதிப்பானா?" கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா நீ போ. வேலைக்கு வரச் சொல்லு. கணக்கு தப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத" என்றார்.

அடுத்த வருடம் எங்களுக்கு மாற்றல் வந்து காரை விற்றபோது, வாங்க வந்தவரிடம் அப்பா பெருமையாகச் சொன்னது எனக்குக் கேட்டது: கேலனுக்கு முப்பது, நானே கணக்குப் பார்த்திருக்கிறேன்.

விடுமுறை தொடங்கிய ஞாயிறு அம்மாவும் நானும் ரிக்‌ஷாவில் காலனிக்குப் போனோம். அம்மா மடியில் ஒரு நூல் புடவையும் ஒரு டப்பா ரவா லட்டும். மூங்கில் தட்டியும் ஓட்டுக்கூரையுமாக வீடுகள். வாசலெல்லாம் கரி அடுப்புப் புகை. காகு வெளியே உட்கார்ந்து கரித்தூளைச் சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கரிக்கடைக்காரனுக்கு அந்த வேலை. முழங்கை வரை கறுப்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் மனைவி பாய் விரித்தாள். ஒல்லியான பெண். அம்மாவை உட்காரவைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"மா, இந்த மனிதர் அடுத்தவர் தோப்பில் விழுந்த மாங்காயைக்கூடப் பொறுக்காதவர். ஊரெல்லாம் திருடன் என்றாலும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கொண்டுவந்ததில்லை."

அம்மாவுக்கு வங்காளி பாதிதான் புரியும். நான் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

காகு உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு அந்த மெழுகுத்துணியை எடுத்துவந்தார். "ஏழு இடம் போனேன் திதிமணி. எல்லாரும் இதைப் படிக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சாயேப் என்ன எழுதியிருக்கிறார் என்று கொஞ்சம் படித்துச் சொல்."

நான் அம்மாவைப் பார்த்தேன். "சொல்லாத" என்றாள் அம்மா தமிழில்.

"நல்லா வண்டி ஓட்டுவார் என்று எழுதியிருக்கிறது" என்றேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டி மனைவியைப் பார்த்தார். பார்த்தாயா என்பது போல.

"அப்பா மன்னிச்சுட்டாக, நாளைக்கு வேலைக்கு வரட்டும்னு சொல்லு" என்றாள் அம்மா. அப்பா போட்ட தடையை மீறாமல் அவளால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நான் அதை வங்காளியாக்கினேன். அப்பா உங்களை மன்னித்துவிட்டார்.

மன்னிப்பு என்றால் குற்றம் ஒன்று வேண்டும். அது இல்லாமல் அதை வாங்க முடியாது என்று காகுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அல்லது நாங்கள் எழுந்து போய்விடுவோமோ என்று பயம். சட்டென்று அம்மாவின் முன் மண்டியிட்டுக் கையைக் கூப்பினார்.

"எடுத்தேன் மா. தப்புதான். இனி எடுக்கமாட்டேன். சாயேபிடம் சொல்லுங்கள்."

அவர் மனைவி கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். அதை எங்களிடம் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. புடவை பாயிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு.

"ஒத்துக்கிட்டானா? அவன் வாயாலயா?"

"வேலைக்காகச் சொல்லுதான். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்? எடுத்தேன்னு சொல்லுதான்லா. கேலன் எதுவா இருந்தா என்ன, ஆளு திருடன்தான்." அன்று ராத்திரி அப்பா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை காகு வந்தார். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. நகக்கண்ணில் மட்டும் கரி போகவில்லை. நான் மாடி வராந்தாவில் நின்றேன். அப்பா கீழே போய் கேட்டைத் திறக்காமல் உள்பக்கமாக நின்றே பேசினார்.

"திருடினேன் என்று ஒப்புக்கொண்டவனை யார் வேலைக்கு வைப்பார்கள்?"

காகு கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"வேலை வேண்டாம் சாயேப். ஒன்று மட்டும் செய்யுங்கள். வேலைக்காகத்தான் அப்படிச் சொன்னேன். என் மனைவி நம்பமாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு போடவில்லை, பேசவில்லை. திதிமணியை ஒரு தடவை அனுப்புங்கள். கணக்கு எழுதியவள் அவள். அவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

அப்பா திரும்பி என்னை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். காகுவும் பார்த்தார். நான் வராந்தாக் கம்பியிலிருந்து கையை எடுத்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"அவளுக்குப் பரீட்சை இருக்கிறது" என்றார் அப்பா.

காகு சரி என்று தலையசைத்தார். பரீட்சை முடியட்டும், பிறகு வருகிறேன் என்றார். போனார். அவர் மறுபடி வரவில்லை. நானும் போகவில்லை. வீட்டு வாசலிலிருந்து ரிக்‌ஷாவில் அரை மணி நேரம், வழி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பூஜை விடுமுறைக்காக மூடியிருந்தது. எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை.